இணங்கி

ஜூலை 5, சனி

இன்று அகராதிக் குழு எஃப் எழுத்தைத் தொட்டது. ஜனவரியில் ஏ-யில் ஆரம்பித்த பயணம். இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெறுவதற்குள் எம் வரை பார்த்துவிடலாம்.

நாங்கள் நால்வர். தலைவர் ஸ்டெல்லா ராஜமணி மேடம், தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கமாலுதீன், நுண்ணுயிரியல் விரிவுரையாளர். புலவர் தெய்வநாயகம், கலப்பில்லாத தமிழில் தும்மக்கூடியவர். பதிப்பாசிரியன் என்ற பெயரில் மேசை வேலையெல்லாம் செய்யும் நான், அறவாழி. ஒரு பதிப்பகத்துக்காக உயிரியல் கலைச்சொல் அகராதி தயாரிக்கிறோம். சனிக்கிழமை தோறும் திருச்சி தில்லைநகரில் மேடம் வீட்டு மாடியில் கூடுகிறோம். கேக் உண்டு.

இன்று வந்த சொல் ஃபேக்கல்டேட்டிவ். எத்தனை அழகான தொல்லை! காப்பீட்டுக்காரர்களுக்கு இது கட்டாயமில்லாத ஒப்பந்தம். கல்லூரிக்காரர்களுக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகிற பாடம். உயிரியலில் கதையே வேறு. சில நுண்ணுயிர்களுக்குக் காற்று கட்டாயம் வேண்டும், சிலவற்றைக் காற்றே கொன்றுவிடும். மூன்றாவது வகைக்கு இரண்டும் சம்மதம். அந்த மூன்றாவது வகைக்குத்தான் இந்த அடைமொழி.

தெய்வநாயகம் உடனே, "விருப்பநிலை" என்றார்.

"பாக்டீரியாவுக்கு ஏது சார் விருப்பம்? அது என்ன காலேஜ் அட்மிஷனுக்கா வந்திருக்கு?" என்றார் கமாலுதீன்.

"அப்படியென்றால் இருவாழ்வி."

"அது தவளை சார்."

கடைசியில் விருப்பநிலையையே வீட்டுச் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. வீட்டுச் சோதனை மேடம் கொண்டுவந்த வழக்கம். முன்மொழிந்த சொல்லை ஆளுக்கொரு பிரதியாக வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் பேச்சோடு பேச்சாகப் புழங்க வேண்டும். பொருள் சொல்லக் கூடாது. வாரம் முடிவதற்குள் வீட்டிலிருக்கும் யாராவது அதைத் தாமாகவே திருப்பிச் சொல்லிவிட்டால் சொல் பிழைத்தது. அந்த வாக்கியத்தை அறிக்கையில் எழுதித் தர வேண்டும். நாலு வீட்டில் ஒன்றில் பிழைத்தால் போதும்.

இதுவரை பிழைத்த சொற்களில் ஆறு, என் மனைவி சுகந்தியின் வாயால் பிழைத்தவை. அவளுடைய வாக்கியங்களுக்குக் குழுவில் ரசிகர்களே உண்டு. 'உறக்கநிலை'க்கு அவள் தந்தது: "மிக்ஸி உறக்கநிலையில இருக்கு, ரெண்டு தட்டு தட்டினா எழுந்திரிக்கும்." மேடம் அதை வாய்விட்டு வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகந்தி நவம்பரிலிருந்து ஓசூரில் இருக்கிறாள். இது ஒரு நிர்வாகச் சிக்கல், அவ்வளவுதான்.


ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். பாக்கெட் மாவு வாங்கி தோசை வார்த்தேன். நேற்று வாங்கியதற்கே இவ்வளவு புளிப்பு. தனிமை என்று இதைச் சொல்ல முடியாது. வீட்டில் சத்தம் குறைவு, அதனால் படிக்க வசதி.

நவம்பரில் நடந்ததைக் குறித்துவைப்பது நல்லது, பின்னால் யாராவது திரித்துச் சொல்லக்கூடும். சுகந்திக்கு வங்கியில் கிளை மேலாளராகப் பதவி உயர்வும் ஓசூருக்கு மாற்றலும் சேர்ந்து வந்தன. "போகட்டுமாங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். ஒரு முற்போக்கான கணவனிடம் இதைவிடக் கண்ணியமான பதில் இருக்க முடியாது. நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன் என்பது அவள் தரப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். இன்று சிலிண்டர் பற்றிப் பேசினோம்.

பிறகு வீட்டு அறிக்கை எழுதினேன். சுகந்தி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தால் வாக்கியம் தானாக வந்துவிடுகிறது. இதைப் பொய் என்பவர்கள் அகராதிக் கலை அறியாதவர்கள்.


ஜூலை 9, புதன்

மிக்ஸியைத் தட்டினேன். எழுந்துகொண்டது.


ஜூலை 12, சனி

பரபரப்பான அமர்வு.

முதலில் தெய்வநாயகம் அறிக்கை. செவ்வாய்க்கிழமை மருமகளிடம், "அம்மா பவானி, காலைக் காபி எனக்கு விருப்பநிலைதான்" என்றிருக்கிறார். சொல்லைப் புழங்கவிட்ட திருப்தியோடு குளிக்கப் போயிருக்கிறார். புதன்கிழமை காபி வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவரே வாய்விட்டுக் கேட்டதற்கு, "நீங்கதானே மாமா வேணாம்னீங்க" என்றாளாம் பவானி. சொல் பிழைத்ததோ இல்லையோ, புலவர் பிழைத்ததே பெரிது.

கமாலுதீன் வீட்டில் அவர் பையன், "ஸ்கூல் விருப்பநிலைதானே வாப்பா" என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறான்.

"ரெண்டு வீட்டுலயும் வேணாம்னுதான் அர்த்தமாயிருக்கு. இந்தச் சொல் தப்பு" என்றார் மேடம்.

நான் எழுதிப்போன சுகந்தியின் வாக்கியத்தை வாசித்தேன்: "விருப்பநிலைன்னா ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு நீங்க வெச்ச பேரு." யாரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எவ்வளவு கரெக்டா பிடிச்சிருக்காங்க" என்றார். எழுதும்போது அது எனக்கு நகைச்சுவையாகத்தான் பட்டது.

விருப்பநிலை கைவிடப்பட்டது. நான் 'இணங்கி'யை முன்மொழிந்தேன். காற்றிருந்தால் அதற்கும் இணங்கும், இல்லாவிட்டால் அதற்கும் இணங்கும். தெய்வநாயகம்கூடத் தலையசைத்தார். என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவு உற்சாகம்.

அப்போது மேடம் அறிவித்தார்: ஆகஸ்ட் 2-ஆம் தேதி குடும்ப அமர்வு. எல்லோரும் வீட்டாரை அழைத்து வர வேண்டும், சொற்களை நேரிலேயே சோதிக்கலாம். "முக்கியமா சுகந்தி வரணும். அந்தம்மா இல்லாம எனக்கு இந்த டிக்‌ஷனரியே இல்ல."

என் கேக்கைக் கமாலுதீன் சாப்பிட்டார்.


ஜூலை 13, ஞாயிறு

சுகந்தியுடன் பேசினேன். மேட்டூரில் தண்ணீர் திறந்தது பற்றியும் மோட்டார் பற்றியும். விஷயத்துக்கு வருவதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதாவது, வந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தது.


ஜூலை 17, வியாழன்

கமாலுதீனின் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். மூன்று சோதனைக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இதப் பாருங்க சார். இந்த ஆளுக்குக் காத்து வேணும். கூட்டம் பூரா மேல. இவனுக்குக் காத்தே ஆகாது, அடியில போய் உக்காந்துட்டான். இவன்தான் நம்ம ஆளு."

மூன்றாவது குழாய் மேலிருந்து அடி வரை கலங்கலாக இருந்தது. எங்கும் இருக்கிறான், எதற்கும் கவலையில்லை. எனக்கு அவனைப் பார்த்ததும் ஒரு பெருமிதம். இதுவல்லவோ வாழ்க்கை.

"நல்லாப் பாருங்க. மேல கொஞ்சம் அடர்த்தியா இல்ல?"

இருந்தது.

"ஏன் அப்படி?"

"காத்து இல்லாமலும் பொழைச்சுக்குவான் சார். ஆனா இருந்தா வளர்த்தியே வேற. அதான் முடிஞ்ச வரைக்கும் அங்க போய் நிக்கிறான்."

"இல்லாதபோது எப்படிப் பிழைக்கிறான்?"

"புளிக்க வெச்சுத்தான். உங்க தோசை மாவுல நடக்கறது அதுதானே."

இந்தத் தகவல் வரையறையில் கட்டாயம் சேர வேண்டும். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது இதே நினைப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். விஷயத்தின் கனம் அப்படி.


ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முதலில் குழாயைப் பற்றிச் சொன்னேன். காற்றில்லாமலும் பிழைக்கும், இருந்தால் செழிக்கும், முடிந்தவரை காற்றிருக்கும் பக்கம் போய் நிற்கும் என்றேன்.

"சிலிண்டர் வந்துச்சா?" என்றாள்.

வந்தது என்றேன். பிறகு அவள் பெயரில் ஆறு வாக்கியங்கள் இருப்பதைச் சொன்னேன். போன வாரத்தோடு ஏழு.

"என் பேர்லயா? நான் சொன்னதாவா?"

"நீ சொல்லியிருப்பாய் என்று..."

"படிங்க."

"எல்லாமா?"

"ஒண்ணு விடாம."

படித்தேன். வங்கியில் கடன் விண்ணப்பத்தைக் கேட்பவள்போல் கேட்டாள். பஃபருக்கு வைத்த 'தாங்கல்' சொல்லுக்கு நான் எழுதியிருந்தது: "உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் நடுவுல நான்தான் தாங்கல்." அதற்கு, "ம், சரி" என்றாள். 'தகவமைப்பு'க்கு, "இதுல 'ஐயா சாமி' சேர்த்துக்குங்க, அது இல்லாம நான் பேச மாட்டேன்" என்றாள். அப்புறம் 'படிவு' வந்தது: "இந்த டம்ளர்ல இருக்கறது காபி இல்ல, படிவு."

"இது நான் சொன்னது."

"நான்தான் எழுதினேன்."

"இல்லங்க. உங்க அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துல சொன்னேன். படிவுன்னு சொல்லல, மண்டின்னு சொன்னேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி யார்கூடவோ பேசிக்கிட்டிருந்தீங்க. காதுல விழுந்திருக்கா?"

விழுந்திருக்கிறது போலும்.

குடும்ப அமர்வைப் பற்றிச் சொன்னேன். வருகிறாளா என்று கேட்டேன். "வரணுமா?" என்றாள்.

"அது உன் இஷ்டம்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஓசூரில் சிக்னல் மோசம்.


ஜூலை 22, செவ்வாய்

ஓசூரில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது என்று கமாலுதீன் சொல்கிறார். அவர் மச்சான் அங்கேதான் இருக்கிறாராம்.


ஜூலை 26, சனி

அமர்வு. இணங்கி எந்த வீட்டிலும் பிழைக்கவில்லை, குடும்ப அமர்வு வரை இன்னொரு வாரம் தந்திருக்கிறார்கள். நான் அறிக்கை தரவில்லை. எழுத உட்கார்ந்தேன், சுகந்தி என்ன சொல்வாள் என்று யோசித்தேன், எதுவும் வரவில்லை. இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"உடம்பு சரியில்லையா அறவாழி?" என்றார் மேடம்.

"வீட்டில் கொஞ்சம் வேலை" என்றேன்.


ஜூலை 27, ஞாயிறு

காலையிலேயே அழைத்தேன். இஷ்டம், விருப்பம், தேவைப்பட்டால், முடிந்தால் ஆகிய சொற்களைத் தவிர்த்துப் பேசுவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அகராதிக்காரனான எனக்கே மிச்சம் ஒரு சொல்தான் இருந்தது.

"வா" என்றேன்.

"என்னது?"

"சனிக்கிழமை வா."

"எதுக்கு?"

இதற்கு நான் தயாராக இல்லை. "மிக்ஸி எழுந்துகொள்ள மாட்டேன் என்கிறது" என்றேன்.

சிரித்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் சிரித்தாள், அதைத் தேதியோடு குறித்துவைக்கிறேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

வீட்டைப் பெருக்கினேன். மெழுகினேன். அலமாரி மேல் இருந்த தூசியைத் துடைத்தேன். பதிப்பாசிரியன் வேலையே இதுதான், இருப்பதைச் சுத்தமாக வைப்பது. வேறு காரணம் இல்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று உப்புச்சீடை வாங்கினேன். பாதியை நானே தின்றுவிட்டதால் மறுபடி வாங்கினேன்.


ஆகஸ்ட் 2, சனி

வந்தாள்!

பேருந்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, முதலில் மிக்ஸியைத்தான் பார்த்தாள். "இதைக் குடுத்து எப்பவோ சரிபண்ணியிருக்கலாம்" என்றாள். சீடையைத் தின்றாள். நாங்கள் மேடம் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். அவளுக்கும் எனக்கும் நடுவில் அவள் கைப்பை. என் இதயம் அடித்துக்கொண்டது அமர்வை நினைத்துத்தான்.

மாடியில் பவானி, கமாலுதீனின் பையன், எல்லோரும் இருந்தார்கள். மேடம் எழுந்து வந்து சுகந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா உங்களைப் பாக்கணும்னு இருக்கேன் தெரியுமா? அந்த மிக்ஸி வாக்கியம் இருக்கே..."

"அதுல ஒரு திருத்தம் இருக்கு மேடம்" என்றாள் சுகந்தி.

நான் கேக்கைப் பார்த்தேன்.

"ரெண்டு தட்டு தட்டினா எழுந்திரிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். தட்டறது இவரு. நான் சர்வீஸுக்குக் குடுத்திருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் பென்சிலை எடுத்துத் திருத்திக்கொண்டார். ஆபத்து நீங்கியது என்று மூச்சு விட்டேன். அடுத்து இணங்கி வந்தது. நான் விளக்கினேன், குழாயைப் பற்றியும் சொன்னேன். மேடம் சுகந்தியிடம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"பாக்டீரியாவுக்கு எப்படியோ தெரியல மேடம். இணங்கின்னா எங்க பக்கம் கல்யாணத்துக்குப் பாக்கற பொண்ணுக்குச் சொல்றது. கறுப்பா இருந்தாலும் இணங்கிப் போவான்னு."

பவானி சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் மாமனார் மேற்கூரையை ஆராய்ந்தார்.

"அப்போ உங்க வீட்டுல ஒரு வாரமா இந்தச் சொல் எப்படிப் புழங்குச்சு?" என்றார் கமாலுதீன். நல்ல மனிதர். ஆனால் இன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையசைக்கவும் இல்லை, தலையாட்டி மறுக்கவும் இல்லை.

"நான் ஓசூர்ல இருக்கேன் சார்" என்றாள். "நவம்பர்லேருந்து."

கமாலுதீனின் பையன் மட்டும் கேக் மென்றுகொண்டிருந்தான்.

"அப்போ இந்த வாக்கியமெல்லாம்?" என்றார் மேடம்.

"நான் இருந்தா சொல்லியிருப்பேன் மேடம். அதுல சந்தேகமே இல்ல. ஒண்ணு நிஜமாவே சொன்னதுதான்." கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "பக்கத்துல இருக்கறப்ப இவ்வளவு கவனிச்சாருன்னு எனக்கே தெரியாது."

மேடம் அறிக்கைகளை ஒழுங்காக அடுக்கினார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவரின் அமைதி அது. என்னை வெளியேற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

"வீட்டுச் சோதனைன்னா வீட்டுல இருக்கறவங்க சொல்லணும். ஆறு சொல்லும் செல்லாது. திரும்ப வீட்டுக்குப் போகணும். இணங்கியும் போகட்டும்" என்றார். "முதல்ல உங்க வீடு எங்க இருக்குன்னு முடிவு பண்ணுங்க அறவாழி."


ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. புதுமணப் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் பாதி வைத்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டது போகவா வேணாமான்னு இல்ல" என்றாள். "அது எனக்கே தெரியும். பதவி உயர்வை யாராவது விடுவாங்களா?"

"பிறகு?"

"நீங்களும் வரீங்களான்னு கேட்டேன். வாயால கேக்கல. நீங்கதான் கேக்காததையெல்லாம் எழுதுறவராச்சே, அதை மட்டும் எழுதத் தெரியல."

நான் புளியோதரையில் இருந்த நிலக்கடலையைத் தனியாகப் பொறுக்கினேன். அவளுக்கு அது பிடிக்கும். கொடுத்தேன்.

"என் வேலை இங்கே இருக்கிறதே" என்றேன்.

"டிக்‌ஷனரி வேலைக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் போதும்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. வாரத்துக்கு ஒரு நாள் மீட்டிங். அதுக்கு பஸ் இருக்கு. ஓசூர்ல மேசை விக்கறாங்க."

யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் என்னை நவம்பரிலிருந்து பிடித்துவைத்திருந்த காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எங்கும் வாழத் தெரிந்தவன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். இது அறிவியல் ரீதியான ஒரு கவனிப்பு.

மதியப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "என்ன, எப்போ?" என்றாள்.

'உன்' என்று ஆரம்பித்தது நாக்கு. அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, பேருந்து நகர்வதற்குள் முடித்தேன்.

"உன் ஊரில் மேசை என்ன விலை?"


ஆகஸ்ட் 4, திங்கள்

மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். சரியாகப் பழுது நீங்கி வந்தால் ஓசூருக்கு எடுத்துப்போகலாம்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

புத்தகங்களைக் கட்டினேன். வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தேன். "ட்ரான்ஸ்ஃபரா சார்?" என்றார். ஆமாம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 17, ஞாயிறு, ஓசூர்

காலையில் தூறல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், என் வாழ்நாளில் முதன்முறை. மேசை ஜன்னலோரம். மிக்ஸி ஒரு தட்டும் இல்லாமல் ஓடுகிறது. மாவை வீட்டில் அரைக்கிறோம், புளிப்பு சரியாக இருக்கிறது.

வந்ததிலிருந்து இணங்கியைப் புழங்கிப் பார்த்தேன். "இந்தப் பொரியல் இணங்கி, சோற்றோடும் போகும், சப்பாத்தியோடும் போகும்" என்றேன். "ம்" என்றாள். "என் சட்டை இணங்கி, வீட்டுக்கும் ஆகும், வெளிக்கும் ஆகும்" என்றேன். "அயர்ன் பண்ணிப் போடுங்க, எங்கயும் ஆகல" என்றாள். வங்கிக்குக் கிளம்பும்போது, "நான் ஓர் இணங்கி" என்று அறிவித்தேன். "கதவைப் பூட்டிக்குங்க ஐயா சாமி, நேரமாச்சு" என்றாள். சொல் திரும்பி வரவேயில்லை.

பழைய ஆறில் ஒன்று மட்டும் தானாக வந்தது. நேற்றுச் சாயங்காலம் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது என்ன படிவா?" என்றாள். உடனே பேனாவை எடுத்தேன். "எழுதறதுக்கு முன்னாடி வேற போட்டுக் குடுங்க" என்றாள். போட்டேன். அப்புறம் எழுதினேன்.

சற்றுமுன் மேடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் இது:

"சொல்: இணங்கி. சோதனை நடந்த இடம்: எங்கள் வீடு, ஓசூர். வீட்டில் இருப்போர்: இருவர். ஒரு வாரமும் முயன்றேன். வீட்டில் யாரும் இச்சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. சோதனை முழுத் தோல்வி. வேறு சொல் தேட வேண்டும். அறவாழி."

எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு தோல்வியை எழுதியதில்லை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் துள்ளியிருக்கிறது. குளிராக இருக்கலாம்.